வண்டியின் பின்பெட்டியில் தடுப்பு மருந்து

பால் கெட்டால் திரிகிறது. மீன் கெட்டால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தடுப்பு மருந்து கெட்டால் பெரும்பாலும் நிறமும் மாறுவதில்லை, மணமும் மாறுவதில்லை. ஊசி போடப்படுகிறது, அட்டையில் தேதி எழுதப்படுகிறது, தாயும் தன் குழந்தைக்குக் காப்புக் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புகிறாள். மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து, அவ்வூரில் தட்டம்மையோ தொண்டை அடைப்பானோ பரவும்போதுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது வெளிப்படும். அப்பொழுது, பிழை எந்த நாளில், எந்தச் சாலையில், எந்த வண்டியில் நேர்ந்தது என்று எவராலும் கூற இயலாது.

நமது நாட்டில் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அளிக்கப்படும் தடுப்பு மருந்துகள், உற்பத்திச் சாலையிலிருந்து கர்னால், மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலுள்ள மத்திய அரசின் மருத்துவப் பண்டகசாலைகள், மாநில, மண்டல, மாவட்டக் கிடங்குகள் முதலியவற்றின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்தை வந்தடைகின்றன. இந்நிலைகள் யாவற்றிலும் குளிர் அறைகளும், ஐ.எல்.ஆர். எனப்படும் பனிக்கட்டிச் சுவருடைய குளிர்பெட்டிகளும் உள்ளன. 2015ஆம் ஆண்டு முதல் இ-வின் என்னும் மின்னணு ஏற்பாட்டின் வாயிலாகக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலை இடைவிடாது கண்காணிக்கப்பட்டும் வருகிறது. ஆயின் அந்த உணர்கருவி குளிர்பெட்டியோடு நின்றுவிடுவது. காலையில் நான்கு பனிப்பொதிகளோடு சிறு கொள்கலம் ஒன்று மூடப்பட்டு, வாடகைக் காரிலோ ஜீப்பிலோ ஆட்டோவிலோ ஏற்றப்பட்டு, துணை நிலையத்திற்கோ பள்ளிக்கூடத்திற்கோ புறப்பட்டபின், அதனைக் காப்பது உடன் செல்லும் பணியாளரின் அறிவு ஒன்றே. அந்தக் கடைசிச் சில மணி நேரத்தைப் பற்றியதே இக்கட்டுரை. (வண்டியின் பின்பெட்டி என இங்கு எழுதுவதை ஓட்டுநர்கள் டிக்கி என்பர். அச்சொல்லே எளிதில் விளங்குமாயின் அவ்வாறே படித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளனுக்கு அதில் வருத்தம் இல்லை.)

பெரியம்மை ஒழிப்பின் வரலாறு இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. முற்காலத்தில் வழங்கிய திரவ அம்மைப்பால் வெயிலில் விரைவாக வீரியம் இழந்தது. குத்தியும் பயனின்றிப் போன இடங்கள் பல. 1950களில் லெஸ்லி காலியர் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், உறைநிலையில் உலர்த்திய அம்மைப்பாலைப் பெருமளவில் தயாரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவ்வுலர் மருந்து வெப்பத்தை நெடுநாள் தாங்கிற்று. 1962இல் தொடங்கிய நமது தேசியத் திட்டம் பின்னர் அதனைக் கைக்கொண்டது. 1975 மே மாதத்தோடு இந்நாட்டில் நோய் அற்றது. 1977இல் நாடு பெரியம்மை அற்றதென அறிவிக்கப்பட்டது. எல்லா மருந்துக்கும் அத்தகைய தாங்கும் திறன் வாய்த்துவிடவில்லை. இன்று களப் பணியாளர் கொண்டுசெல்லும் மருந்துகளுக்குப் பொதுவாக விதிக்கப்பட்ட வெப்பநிலை 2 டிகிரி முதல் 8 டிகிரி சென்டிகிரேட் வரை. மேலேயும் எல்லை உண்டு, கீழேயும் எல்லை உண்டு என்பதே இதில் கவனிக்க வேண்டுவது.

மேல் எல்லையை முதலில் நோக்குவோம். வெயிலில் நிற்கும் கார் ஏன் வெளிக்காற்றைவிட மிகுதியாகச் சுடுகிறது? கதிரவனின் ஒளி கண்ணாடியின் வழியே உட்புகுந்து இருக்கைகளையும் முன்பலகையையும் சூடாக்குகிறது. சூடேறிய பொருள்கள் வெளியிடும் நீண்ட அலைக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. கதவுகள் மூடியிருப்பதால் சூடான காற்று வெளியேறவும் வழியில்லை. 2005ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் வெளியிட்ட அளவீடுகளின்படி, 22 முதல் 36 டிகிரி வரை வெப்பமுள்ள நாட்களில், நிறுத்திய காரின் உட்காற்று ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிட்டது. கண்ணாடியை நான்கு சென்டிமீட்டர் அளவு இறக்கிவைத்தும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. "பத்து நிமிட வேலைதானே, கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டிருக்கிறேன்" என்னும் சமாதானம் எத்துணை வலுவற்றது என்பது இதனால் விளங்கும்.

2018இல் அரிசோனா மாநிலத்தில், 38 டிகிரிக்கு மேற்பட்ட கோடை நாட்களில் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு நமது உள்நாட்டு நிலைமைக்கு இன்னும் நெருங்கியது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டிகளின் உட்காற்று சராசரியாக 47 டிகிரியையும், முன்பலகை 69 டிகிரியையும் எட்டின. நிழலில் நின்ற வண்டிகளில் உட்காற்று 38 டிகிரி அளவிலேயே இருந்தது. ஒரு வேப்பமரத்தின் நிழல் ஏறத்தாழ ஒன்பது டிகிரி பெறும் என்று இதனைக் கொள்ளலாம்.

பின்பெட்டியின் நிலை சற்று வேறுபட்டது. அதற்குக் கண்ணாடி இல்லை. ஆகவே ஒளி நேரே உட்புகாது. நிறுத்திய வண்டியில், வெயில் படும் இருக்கையைவிடப் பின்பெட்டி மெதுவாகவே சூடாகிறது. ஆனால் ஓடும் வண்டியில் கதை மாறிவிடுகிறது. முன்புறம் காற்றோட்டமோ குளிர்சாதனமோ இருக்கப் பின்பெட்டிக்கு இரண்டும் இல்லை. இயந்திரத்தின் புகைபோக்கிக் குழாயும் பல வண்டிகளில் அதன் தளத்தின் கீழேயே செல்கிறது. நெடுந்தொலைவு ஓடியபின் தளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். இதனாலேயே, வண்டி ஓடும்போது மருந்துக் கொள்கலம் இருக்க வேண்டிய இடம், பணியாளர் அமர்ந்துள்ள பகுதியில், இருக்கையின் கீழ் நிழலான தரையே ஆகும். வண்டியை நிறுத்தினாலோ கொள்கலம் வண்டியிலேயே இருத்தல் ஆகாது. பணியாளரோடு இறங்கிவிட வேண்டும். பின்பெட்டியைத் தவிர வேறு இடம் இல்லையெனில், தளத்தின்மீது மரப்பலகையோ மடித்த சாக்கோ இட்டு, அதன்மேல் வைத்து, சாயாதபடி இறுக்கிக் கட்டுவது நலம். பின்புறக் கதவோடு கூடிய சிறு கார்களிலும் ஜீப்புகளிலும் பின்பகுதி உள்ளறையோடு இணைந்திருப்பதால் அங்குக் குளிர்சாதனக் காற்று ஓரளவு எட்டும். ஆனால் பின்கண்ணாடி வழியே வெயிலும் எட்டும். ஒரு வெள்ளைத் துணித் திரை அதனைத் தடுக்கப் போதுமானது.

கொள்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஊகத்திற்கு உரியதன்று, கணக்கிற்கு உரியது. வகுப்பறையில் செய்து காட்டவும் ஏற்றது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்குச் சுமார் 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நமது கொள்கலத்தின் நான்கு பொதிகளிலும் 0.4 லிட்டர் வீதம் 1.6 லிட்டர் நீர் உறைந்திருக்கிறது. அஃது உருகி முடியுமுன் 128 கிலோகலோரியை உட்கொள்ளும். கொள்கலத்தின் சுவர்ப்பரப்பு 0.4 சதுர மீட்டர் என்றும், பாலியுரித்தேன் நுரைச் சுவரின் தடிமன் 3 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். உள்ளே 3 டிகிரியும் வெளியே 43 டிகிரியும் இருப்பின், மணிக்குச் சுமார் 12 கிலோகலோரி வெப்பம் சுவர் வழியே கசியும். பனி பத்தரை மணி நேரம் நிற்கும். அதே கொள்கலத்தை 58 டிகிரி வெப்பமுள்ள மூடிய வண்டிக்குள் வைத்தால் கசிவு மணிக்கு 16 கிலோகலோரியாகும்; பனி எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொள்கலங்களின் தாங்குகாலத்தைத் தேர்வு செய்வோர், 43 டிகிரி சூழலில், மூடியைத் திறவாமலேயே அளக்கின்றனர் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. களத்திலோ மூடி பலமுறை திறக்கப்படுகிறது. அன்றியும், முதல்நாள் மாலையிலிருந்து வண்டியிலேயே கிடந்து சூடேறிய வெற்றுக் கொள்கலத்தைக் கொண்டுவந்து அப்படியே மருந்தை அடுக்கினால், பனியின் ஒரு பகுதி அதன் சுவர்களைக் குளிர்விப்பதிலேயே செலவாகிவிடும். ஆதலின் கொள்கலத்தை இரவில் கட்டடத்திற்குள் வைத்தல் வேண்டும்.

இனி, கீழ் எல்லை. வெப்பத்திற்கு அஞ்சும் நம்மவர் குளிருக்கு அஞ்சுவதில்லை. 'அதிகம் குளிர்ந்தால் நல்லதுதானே' என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. இந்த எண்ணத்தால் கெடும் மருந்து வெயிலால் கெடும் மருந்தினும் குறைந்ததன்று என்பது இதனை எழுதுபவரின் கருத்து. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தும், உலர்நிலையிலுள்ள தட்டம்மை–ரூபெல்லா மருந்தும், பி.சி.ஜி.யும் உறைவதால் கெடுவதில்லை. (இவற்றைக் கரைப்பதற்கான திரவம் உறைந்தால் கண்ணாடிக் குப்பி விரிசல் காணும், அதனை உறையவிடலாகாது.) மாறாக, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி. ஆகிய மருந்துகளில் அலுமினியக் கூழ் ஒன்று கலந்துள்ளது. மருந்துப் பொருள் அக்கூழின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே உடல் அதனை நன்கு ஏற்றுக் காப்பாற்றலை வளர்க்கிறது. உறைந்தால் அத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. மீண்டும் உருக்கினாலும் பழைய நிலை திரும்புவதில்லை. ஹெபடைடிஸ் பி மருந்து சுமார் –0.5 டிகிரியிலேயே உறையத் தொடங்குகிறது. இரண்டு டிகிரிக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது!

உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிப்பொதியின் வெப்பநிலை –20 டிகிரியை ஒட்டியிருக்கும். அதனை எடுத்தவுடனே கொள்கலத்தில் இட்டு, அருகில் குப்பிகளை வைத்துப் புறப்பட்டால், வெளியே சாலையில் தார் உருகும் வெயிலிலும் உள்ளே மருந்து உறைந்துபோகும். ஆகவே பொதிகளை மேசைமீது பரப்பிவைத்து, மேற்புறம் வியர்த்து, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அவ்வோசை, பொதி 0 டிகிரியை அடைந்துவிட்டது என்பதற்குச் சான்று. கோடையில் இதற்கு அரை மணிக்குக் குறையாத நேரமும், குளிர்காலத்தில் ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தை நம்புவதைவிடக் காதை நம்புவது மேல்.

இவ்வாறு காத்திருந்தால் குளிர்ச்சி வீணாகிவிடுமே என்று பணியாளர் சிலர் வருந்துவது உண்டு. அதற்கும் கணக்கு உண்டு. –20 டிகிரியிலுள்ள 1.6 கிலோகிராம் பனி 0 டிகிரிக்கு வருவதற்கு உட்கொள்ளும் வெப்பம் 16 கிலோகலோரி. உருகுவதற்கு உட்கொள்வது 128. ஆகவே காத்திருப்பதால் நாம் இழப்பது மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கே; சிறிதளவு உருகியதையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அந்தச் சிறு பங்கிற்குள்ளேதான் மருந்தை உறையவைக்கும் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது.

பொதிநீரில் உப்பிடும் வழக்கத்தையும் இங்குக் கண்டிக்க வேண்டியுள்ளது. குல்ஃபி விற்பவர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பதைப் பலரும் பார்த்திருப்பர். உப்பு கலந்த பனி 0 டிகிரிக்கு வெகு கீழே உருகுவதால் அக்கலவை பாலையே உறையவைக்கிறது. குல்ஃபிக்கு எது வேண்டுமோ, அது தடுப்பு மருந்துக்கு வேண்டாதது. பொதியில் குறியிட்ட மட்டம் வரை வெறும் குழாய்நீரே போதும்.

வெயில் கடுமையான வட மாவட்டங்களில், கொள்கலத்தின்மீது ஈரச் சாக்கு போர்த்தும் பழக்கம் உண்டு. இது தள்ளத்தக்கதன்று. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனி உருகுவதற்கு வேண்டியதைப்போல் ஏழு மடங்கு. லூ என்னும் அனற்காற்று வீசும் நாளில் காற்று 43 டிகிரியாகவும் ஈரப்பதம் 15 சதவீதமாகவும் இருப்பின், ஈரத்துணி சுமார் 23 டிகிரி வரை குளிரக்கூடும். கடற்கரைப் பகுதியில், 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், அதே துணி 29 டிகிரிக்குக் கீழே செல்லாது. இவ்விரண்டும் காற்று ஓடும் இடத்திற்கே பொருந்தும். மூடிய பின்பெட்டிக்குள் ஈரச் சாக்கை இட்டால், சில நிமிடங்களில் உள்ளே காற்று நீராவியால் நிறைந்து ஆவியாதல் நின்றுவிடும். எஞ்சுவது ஈரமும் துருவும்தான். திறந்த பின்புறமுள்ள ஜீப்பிற்கு ஏற்ற உபாயம் மூடிய காருக்கு ஏற்றதன்று.

லடாக்கிலும் இமயத்தின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் மேற்கூறியவை தலைகீழாகின்றன. லே நகரில் குளிர்கால இரவில் வெப்பநிலை –20 டிகிரியை ஒட்டி இறங்குவது உண்டு. இரவு முழுதும் வெளியில் நின்ற வண்டியின் பின்பெட்டி ஓர் உறைபெட்டியே ஆகும். அங்குப் பனிப்பொதி வேண்டா. அறை வெப்பமுள்ள நீர் நிரப்பிய பொதிகளே மருந்தைச் சூழ வேண்டும். 20 டிகிரியிலுள்ள 1.6 லிட்டர் நீர் 0 டிகிரிக்கு இறங்குமுன் 32 கிலோகலோரியை வெளியிட்டு மருந்தை உறையாமல் காக்கிறது. வெளிக்குளிர் –20 டிகிரியாயின், முன்சொன்ன அதே சுவர் வழியே மணிக்குச் சுமார் 12 கிலோகலோரி வெளியேறத் தொடங்கும். ஆகவே மூன்று நான்கு மணி நேரமே பாதுகாப்பு. அதற்குள் கொள்கலம் மனிதர் வாழும் அறைக்குள் வந்துவிட வேண்டும். அங்கும் வண்டியில் அதன் இடம் பயணிகள் பகுதியே.

மருந்து வழியில் கெட்டதா என்பதை அறிய இரு சான்றுகள் உள்ளன. முதலாவது, குப்பியின்மேல் உள்ள வட்டக் குறி. வட்டத்தினுள் ஒரு சதுரம். வெப்பம் ஏற ஏற, நேரம் செல்லச் செல்ல அது கருக்கிறது. சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருக்கும்வரை மருந்தைப் பயன்படுத்தலாம். நிறம் ஒத்துவிட்டாலோ வட்டத்தைவிடக் கருத்துவிட்டாலோ நீக்கிவிட வேண்டும். போலியோ மருந்தில் 1996 முதல் வழங்கிவரும் இக்குறி ஏனைய மருந்துகளுக்கும் பரவியுள்ளது. ஆனால் இஃது உறைதலைப் பற்றி யாதும் கூறாது. சதுரம் வெண்மையாக இருக்கிறது என்பதால் மட்டும் பென்டாவேலன்ட் நல்ல நிலையில் உள்ளது என்று முடிவு செய்தல் தவறு.

உறைதலை அறியக் குலுக்கற் சோதனை உண்டு. ஐயத்திற்குரிய குப்பியின் அதே தயாரிப்பும் அதே தொகுதி எண்ணும் உடைய மற்றொன்றை, 'சோதனைக்கு மட்டும்' என்று எழுதி, இரவு முழுதும் உறையவைத்துப் பின் உருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி குலுக்கி, மேசையில் அருகருகே வைத்து அரை மணி வரை நோக்க வேண்டும். உறையாத மருந்தின் கலங்கல் மெதுவாகப் படியும். உறைந்தது திரள்திரளாக விரைந்து அடியில் தங்கி, மேலே தெளிந்த நீரைக் காட்டும். ஐயத்திற்குரிய குப்பி, உறையவைத்ததைப் போன்றே விரைவாகவோ அதனினும் விரைவாகவோ படியுமாயின் அதனை ஒதுக்கிவைத்து மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அலுமினியக் கூழ் உள்ள மருந்துகளுக்கே இச்சோதனை உரியது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடப்படும் டி.டி. ஊசிக்குப் பள்ளியே பல இடங்களில் களமாகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா இயக்கத்தின்போது பள்ளி வகுப்பறைகளே ஊசிக்கூடங்களாயின. அத்தகைய நாளில் கொள்கலம் வைப்பதற்குச் சன்னலோரமல்லாத ஒரு மேசையும், வண்டி நிற்பதற்கு ஒரு மர நிழலும் ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரால் எளிதில் ஆகக்கூடியது. கரைத்த தட்டம்மை–ரூபெல்லா மருந்தின் வாழ்நாள் நான்கு மணி நேரம். வரிசையைக் காலத்தோடு நடத்துவதும் மருந்தைக் காப்பதே.

மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், ஒரே அளவான மூன்று பாட்டில்களில் சம எடைப் பனிக்கட்டியை இட்டு, ஒன்றை வெயிலில் நிற்கும் காரின் இருக்கையிலும், ஒன்றை அதன் பின்பெட்டியிலும், ஒன்றை மரத்தடியிலும் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை உருகிய நீரை அளந்து வரைபடம் வரையச் செய்யலாம். மூன்று கோடுகளும் எவ்வளவு விலகிச் செல்கின்றன என்பதைப் பார்த்த மாணவன் அதனை எளிதில் மறவான். அவ்வண்டிக்குள் எவரையும் அமரச் செய்யலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

கடைசியாக, திரும்பும் பயணம். காலையில் காட்டிய கவனம் மாலையில் இராது. ஊசி முடிந்தது, களைப்பு மிகுந்தது, கொள்கலம் பின்பெட்டியில் எறியப்படுகிறது. ஆனால் திறவாத குப்பிகள் அதில் உள்ளன. அவை குளிர்பெட்டிக்குத் திரும்பி, மற்றொரு நாள் மற்றொரு குழந்தைக்குச் சேர வேண்டியவை. பனியும் அந்நேரத்தில் கடைசிப் பங்காகவே இருக்கும். எனவே மாலையிலும் கொள்கலம் இருக்கையின் கீழேயே வர வேண்டும். நிலையத்தை அடைந்ததும் பொதிகளைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே பனி இன்னும் எஞ்சியுள்ளதா என்பதைப் பதிவேட்டில் குறித்து, குப்பிகளின் வட்டக் குறியைப் பார்த்தபின் உள்ளே வைக்க வேண்டும். அதன்பின் கொள்கலத்தைத் துடைத்து, மூடியைத் திறந்தபடியே நிழலில் உலரவிட வேண்டும்.